சிவந்த எஃகின் சூட்டை அளக்க எந்த ஒளிக்கருவி?

இரும்பின் நிறத்தைப் பார்த்தே அடிக்கும் பதத்தைச் சொல்லிவிடுவார் கொல்லர். சூடான பொருள் விடும் ஒளியைத் தொடாமலே பார்த்து வெப்பநிலையைச் சொல்லும் பைரோமீட்டர் செய்வதும் அதே வேலைதான். 1990ஆம் ஆண்டின் பன்னாட்டு வெப்பநிலை அளவுகோலும், வெள்ளி உறையும் 961.78 டிகிரி செல்சியசுக்கு மேலே, கதிர்வீச்சு பற்றிய பிளாங்க் விதியைக் கொண்டே வரையறுக்கப்பட்டிருக்கிறது. சிக்கல் எந்தக் கருவியை வாங்குவது என்பதில்தான்.

எஃகுத் துண்டுகளை 1200 டிகிரிக்குச் சூடாக்கி அடிக்கும் ஃபோர்ஜிங் கூடத்தை எடுத்துக்கொள்வோம். மின்காந்தத் தூண்டலால் சூடேற்றும் சுருளுக்குள் நகர்ந்து செல்லும் துண்டில், தொட்டு அளக்கும் உலோகக் கம்பி உணரியான தெர்மோகப்பிளைப் பொருத்த இயலாது. ஆகவே ஒளிதான் வழி.

கையில் பிடித்துக் குறிபார்க்கும் மலிவான அகச்சிவப்பு வெப்பமானி பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பார்க்கிறது. இந்த வேலைக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். காரணம் உமிழ்திறன்: ஒரு பரப்பு, அதே சூட்டில் உள்ள இலட்சியக் கரும்பொருளோடு (தன்மேல் விழும் கதிரை முழுதும் உறிஞ்சும் பொருளோடு) ஒப்பிட எத்தனை பங்கு கதிரை வெளிவிடுகிறது என்ற விகிதம். அதை 10 விழுக்காடு தவறாகக் கொடுத்தால், 10 மைக்ரோமீட்டரில் பார்க்கும் கருவி 1200 டிகிரியில் ஏறக்குறைய 90 டிகிரி பிழைக்கும். அதே தவறை 1 மைக்ரோமீட்டர் கருவிக்குச் செய்தால் பிழை சுமார் 15 டிகிரிதான். சூடு ஏறும்போது குறுகிய அலைநீளத்தில் கதிர்வீச்சு அவ்வளவு செங்குத்தாகக் கூடுகிறது. உமிழ்திறனில் சற்றுத் தடுமாறினாலும் அந்தச் செங்குத்தான ஏற்றம் காப்பாற்றிவிடுகிறது.

இப்படி ஒரே ஒரு குறுகிய அலைநீளத்தில் பார்க்கும் ஒற்றைக் கருவியின் பலவீனம் தூசி. வில்லையில் புகை படிந்தால் அளவு குறைந்து தெரியும். சூடு போதவில்லை என்று எண்ணி இயக்குபவர் மின்திறனை ஏற்றுவார், எஃகு அளவுக்கு மீறி வெந்து அதன் உள்ளிருக்கும் நுண்படிக மணிகள் பருத்துவிடும். பரப்பில் உரிந்து நிற்கும் ஆக்சைடு செதிலும் உள்ளிருக்கும் எஃகைவிடக் குளிர்ந்தது. நகரும் துண்டின் உச்ச அளவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் அமைப்பு, செதில் தரும் தொல்லையைப் பெருமளவு தீர்த்துவிடும்.

இரு வண்ணப் பைரோமீட்டர் இரண்டு அலைநீளங்களின் விகிதத்தை எடுப்பதால், தூசி இரண்டையும் ஒரே அளவு மங்கச் செய்தாலும் விடை மாறாது. துண்டு பார்வைப் புலத்தை நிரப்பாவிட்டாலும் பெரும்பாலும் பரவாயில்லை. விற்பனையாளர்கள் இதை "உமிழ்திறன் தொல்லை இல்லாதது" என்பார்கள். அங்கேதான் நான் முரண்படுகிறேன். இரண்டு உமிழ்திறன்களும் சமமாக இருந்தால்தான் அது உண்மை. 0.9, 1.05 மைக்ரோமீட்டர் இணையை எடுத்தால், அவற்றின் விகிதம் வெறும் 1 விழுக்காடு விலகினாலே 1200 டிகிரியில் 9 டிகிரிக்கு மேல் பிழை வரும். பளபளக்கும் உலோகங்கள் பொதுவாகக் குறுகிய அலைநீளத்தில் கூடுதலாக உமிழ்வதால், சரிக்கட்டாத கருவி உண்மையைவிட அதிகமாகக் காட்டும். புகை, தூசி, ஒல்லியான கம்பி என்றால் இதற்கே என் வாக்கு. வில்லையை அன்றாடம் துடைக்கும் கூடத்துக்குக் குறுகிய அலைநீள ஒற்றைக் கருவி போதும்.

மூன்றாவது, ஒளியிழை. கண்ணாடி இழையில் பதித்த பிராக் கீற்றணி, அதாவது குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும் நுண்வரிகள், 1550 நானோமீட்டர் அருகே, அந்த அலைநீளம் டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் நகர்வதைக் கொண்டு சூட்டைச் சொல்லும். சாதாரணக் கீற்றணி சில நூறு டிகிரிகளிலேயே அழியத் தொடங்கும். சூடேற்றி மீளுருவாக்கியவை 1000 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேலே சபையர் இழை. அதன் உருகுநிலை 2000 டிகிரிக்கும் மேல், ஆனால் ஒளியை நடுவிலேயே அடைத்து வைக்கும் வழக்கமான உறை இல்லாததால் ஒளி பல பாதைகளில் சிதறி, கூர்மையான குறி கிடைப்பதில்லை. நுனியில் சிறு கரும்பொருள் குழி அமைத்த சபையர் வெப்பமானியை 1983இல் டில்ஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். எனக்கு அது கீற்றணியைவிட நேர்மையான வழியாகத் தோன்றுகிறது. ஃபோர்ஜிங் வரிசையில் இவற்றுக்கு வேலையில்லை. வெளியிலிருந்து பார்க்கவே வழியில்லாத உலைச் சுவருக்குள், மின்காந்தப் புலத்தின் நடுவே, வேறு எதையும் நுழைக்க முடியாதபோதுதான் இந்த இழைக்குச் செலவழிக்கலாம்.