அஞ்சு ஸ்டார்ல அரை ஸ்டார் கொறச்சிருக்கேன், காரணம் உள்ள இருக்கு

மக்கா, இது ஒரு வொர்க்‌ஷாப் ரிவ்யூ. ஆனா கடை கோட்டாறுலயும் இல்ல தக்கலையிலயும் இல்ல, நேபாளத்துல முக்திநாத் போற ரோட்டுல, காசா தாண்டி லேத்தே வாறதுக்கு முன்னால, காளி கண்டகி ஆத்தோரமா இருக்கு. போர்டு கிடையாது. ரெண்டு பழைய டயர் மேல ஒரு ஒடஞ்ச ஹெல்மெட்ட கவுத்தி வச்சிருப்பாவ, பக்கத்துல கோழிக்கூடு, அதான் அடையாளம். பேரு போடாதேன்னு சொல்லிட்டாவ, அதனால பேரு இல்லாம எழுதுறேன்.

2023 அக்டோபர்ல நாகர்கோவில்ல இருந்து புல்லட்ல ஒத்தைக்கு கெளம்பினேன். மதுரை, பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், வாரணாசி, கோரக்பூர்னு போயி சொனௌலி பார்டர் சேரும்போது 2,700 கிலோமீட்டருக்கு மேல ஆச்சு. நமக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட்டோ வோட்டர் ஐடியோ போதும். எல்லாத்துக்கும் ஆதார் செல்லும்னு நெனச்சு போயிராதீங்க. வண்டிக்கு பன்சார்னு ஒரு கஸ்டம்ஸ் பேப்பர் போடணும், எத்தன நாள் நிப்பீங்களோ அத்தன நாளுக்கு காசு. இத எல்லாவனும் வீடியோ போட்டு சொல்லிட்டான், விடுங்க.

விசயத்துக்கு வாறேன். தசைன்னு அவங்க பெரிய பண்டிகை நேரம், அன்னிக்கு விஜயதசமிக்கு மறுநாள், பாதி கடை அடச்சு கெடக்கு, காசா ஏத்தத்துல என் க்ளட்ச் கேபிள் அறுந்துட்டு. முழுக்க என் தப்பு, ஹைதராபாத்துலயே கேபிள் நூல் பிரிஞ்சு நிக்கத பாத்தேன், பொறவு மாத்தலாம்னு விட்டுட்டேன். மத்தியானம் ஆனா அந்தப் பள்ளத்தாக்குல ஒரு காத்து வீசும் பாருங்க, மேல ஜொம்சோம்ல இந்தக் காத்துக்கு பயந்துதான் பிளைட்ட எல்லாம் காலையிலயே எறக்கி ஏத்திருவாவளாம். ஆரல்வாய்மொழி காத்துல வளந்தவன்னு ஒரு திமிரு இருந்துச்சு எனக்கு, அது அங்க போச்சு. சைடு ஸ்டாண்ட் போட்ட வண்டி ஆடுது. காசு கட்டி ஒரு ரோட்சைடு அசிஸ்டன்ஸ் பாலிசி எடுத்திருந்தேன், அவங்களுக்கு மெசேஜ் அடிச்சா, நீங்க சர்வீஸ் ஏரியாவுக்கு வெளிய இருக்கீங்கன்னு ரிப்ளை, கடைசில கைகூப்புற படம் வேற.

அரைமணி நேரத்துல பொக்காரா பயலுவ மூணு பேரு பைக்ல வந்தானுவ, கைய காட்டவே இல்ல, தானா நிறுத்தினானுவ. ஒருத்தன் கேபிள பாத்தான், என்ன பாத்தான், சிரிச்சான். மத்தவன் என் வண்டிய தள்ளி ஓடவிட்டு தாவி ஏறி, க்ளட்ச்சே இல்லாம ஆக்சிலேட்டர கொறச்சு கொறச்சு கியர் மாத்தி அந்தக் கல்லு ரோட்டுல ஓட்டிட்டு போறான், நான் இன்னொருத்தன் பின்னால உக்காந்து வாயப் பொளந்து பாத்துட்டு வாறேன். இப்படித்தான் அந்த கோழிக்கூடு கடைக்கு வந்து சேந்தேன், கடைக்காரரு இவனுவளுக்கு ரைடிங் கூட்டாளி.

இப்ப சர்வீஸ். லீவு நாள்னு மொகம் சுளிக்கல. என் மாடலுக்கு கேபிள் கடைல இல்ல, பொக்காரா பயல்ல ஒருத்தன் வண்டியும் புல்லட்டுதான், அவன் ஓடுற கேபிளோட சேத்து ஸ்பேர் கேபிள் ஒண்ண டேக் போட்டு கட்டி வச்சிருந்தான், அத அவுத்து குடுத்துட்டான். கடைக்காரரு அவசரப்படல, பிளாஸ்டிக் கவர கூம்பு மாதிரி சுருட்டி கேபிள் வாயில கட்டி எண்ணெய ஊத்தி, அது அடுத்த முனைல சொட்டுற வரைக்கும் காத்திருந்துதான் மாட்டினாரு. லிவர்ல ஒரு சில்லறை காசு நுழையுற அளவு கேப் விட்டாரு. நம்ம ஊர்ல எவன் எனக்கு இப்படி எண்ணெ ஊத்தி மாட்டிருக்கான்?

பேச்சு எல்லாம் கத்தார் ஹிந்தி. நான் தோஹால 4 வருசம் இருந்தவன், அவரும் இருந்திருக்காரு. இண்டஸ்ட்ரியல் ஏரியால எந்த ஸ்ட்ரீட்டுன்னு கேட்டதுதான் தாமசம், பொறவு அவரு விடவே இல்ல, ராத்திரி இங்கதான்னு சொல்லிட்டாரு. நேபாளில அண்ணனுக்கு தாய்னு பேரு, மீச வச்ச ஆள தாய் தாய்னு கூப்பிட எனக்கு சிரிப்பு அடக்க முடியல.

சாப்பாடு பருப்பு, சோறு, கீரை, ஊறுகா. தட்டு காலியாக விடமாட்டாவ, போதும்னா புக்யோன்னு சொல்லணும், அது தெரியாம நான் நாலு தடவ வாங்கி தின்னு மூச்சு முட்டி கெடந்தேன்.

காலைல அவரு அம்மா கூப்பிட்டாவ. அரிசியும் தயிரும் செவப்புப் பொடியும் பெசஞ்சு என் நெத்தில அப்பி, காதுல மொளப்பாரி மாதிரி மஞ்ச நாத்து சொருகி, கைல மான் படம் போட்ட புது பத்து ரூவா நோட்டு ஒண்ண வச்சாவ. தசைனுக்கு பெரியவிய சின்னவியளுக்கு குடுக்க காசாம். நம்ம 100 ரூவா அவங்களுக்கு 160, அப்ப அந்தப் பத்து நம்ம கணக்குல ஆறேகால் ரூவா. பொறவு நான் தாய்கிட்ட பில்லு எவ்ளோன்னு கேட்டா, அம்மா இப்பத்தான் காசு குடுத்தா, நீ திருப்பி குடுத்தா அவ மொகத்த நான் எப்படி பாக்கன்னு கேக்காரு. கேபிள் குடுத்த பயலும் வாங்கல. எத்தன ரூவான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பேக்ல இருந்த மார்த்தாண்டம் தேனையும் ஏத்தங்காய் சிப்ஸையும் வச்சிட்டு வந்தேன்.

அரை ஸ்டார் எதுக்கு கொறச்சேன்னா, என் ஷூ நனஞ்சிருக்குன்னு ராத்திரி யாரோ பாசத்துல அடுப்பு பக்கம் வச்சிட்டாவ. காலைல எடுத்தா வலது ஷூ சோல் உருகி, பசை விட்டு நாக்கு தள்ளி நிக்கி. 108 திவ்யதேசத்துல ஒண்ணான முக்திநாத்துக்கு, 3,700 மீட்டருக்கு மேல, சோல செல்லோடேப் சுத்திட்டுதான் ஏறினேன். 108 கோமுகத் தண்ணில குளிக்கும்போது அந்த டேப்பும் போச்சு.

அந்தப் பக்கம் போறவிய சிப்ஸ் கொண்டு போங்க, உப்பு போட்டது மட்டும். வெல்லம் பெரட்டுன சர்க்கரை வரட்டி சிப்ஸ் வேண்டாம், நான் குடுத்ததுல இருந்த அந்த பாக்கெட்ட வாயில வச்சு பாத்துட்டு நான் பாக்கலன்னு நெனச்சு கோழிக்கு போட்டுட்டாவ.