ஐ-எர்ன் கரடிப் பொம்மைத் திட்டம்: நம் தொடக்கப்பள்ளிக்குச் சரிப்படுமா?

வெளிநாட்டுப் பள்ளி ஒன்றோடு வகுப்பை இணைக்க விரும்பும் ஆசிரியர்கள் முதலில் தேடுவது வீடியோ அழைப்பைத்தான். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம் அது அதிகம் எடுபடாது. இரண்டு பக்கமும் கையாட்டிச் சிரிப்பார்கள், பெயரும் பிடித்த நிறமும் கேட்பார்கள், பத்து நிமிஷத்தில் பேச்சு வறண்டுவிடும். ஐ-எர்ன் (iEARN) அமைப்பின் டெடி பேர் ப்ராஜெக்ட், இரண்டு வகுப்புகளும் ஆளுக்கொரு பொம்மையைத் தபாலில் மாற்றிக்கொள்ள வைத்து, இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. இந்த வயதுக்குக் கிடைக்கும் பரிமாற்றத் திட்டங்களில் இதுதான் முதலில் முயல வேண்டியது. ஆனால் இந்தியாவிலிருந்து சேருகிறவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒரு இடத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த இடம் தபால்.

ஐ-எர்ன் புதிதாக முளைத்த செயலி அல்ல. 1988-இல் நியூயார்க், மாஸ்கோ பள்ளிகளைக் கணினி வழியாக இணைத்த முயற்சியிலிருந்து வளர்ந்த லாப நோக்கற்ற ஆசிரியர் வலையமைப்பு. நாட்டுக்கு நாடு தனி மையங்கள் உண்டு. இந்திய மையம் புனேயில் இருக்கிறது. உறுப்பினர் கட்டணமும் விதிகளும் மையத்துக்கு மையம் வேறுபடும் என்பதால், வெளிநாட்டுத் தளத்தில் பார்த்த தொகையை நம்பாமல் இந்திய மையத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது.

வேலை நடக்கும் விதம் எளிது. ஆசிரியர் பதிவு செய்கிறார்; ஒருங்கிணைப்பாளர் இரண்டு நாட்டு வகுப்புகளை ஜோடி சேர்க்கிறார். ஒவ்வொரு வகுப்பும் ஒரு பொம்மையை விமானத் தபாலில் மற்ற வகுப்புக்கு அனுப்புகிறது. வந்து சேர்ந்த பொம்மை அங்குள்ள பிள்ளைகளோடு பள்ளிக்கும் வீட்டுக்கும் போகிறது. தான் பார்த்ததை நாட்குறிப்பாக இணையம் வழியே தன் சொந்த வகுப்புக்கு எழுதுகிறது. எழுதுவது பிள்ளைகள், ஆனால் பொம்மையின் குரலில். பருவம் முடிந்ததும் பொம்மை ஊர் திரும்புகிறது.

திட்டத்தின் உயிர் இந்த நாட்குறிப்பில்தான் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "நம் பண்பாட்டைப் பற்றி எழுது" என்றால் பாடப்புத்தக வரிதான் வரும்: பொங்கல் நம் பண்டிகை, மயில் நம் தேசியப் பறவை. அதே பிள்ளை, எதுவும் தெரியாத ஒரு விருந்தாளியின் கண்ணால் பார்க்கும்போது தனக்குப் பழகிப்போன விஷயங்கள் எழுத்தில் வந்துவிடுகின்றன. வாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம், பள்ளியில் போடும் காலை உப்புமா, சத்துணவு முட்டையை உரிக்கும் விதம், கரண்ட் போனதும் பாட்டி எடுக்கும் விசிறி. ஜப்பானில் இருக்கும் பொம்மை எழுதினால், பள்ளி வாசலில் செருப்பை மாற்றிக்கொண்டு உள்ளே போவதும், பிள்ளைகளே வெள்ளை அங்கி அணிந்து மதிய உணவு பரிமாறுவதும், வகுப்பறையைத் தாங்களே பெருக்கித் துடைப்பதும் வரும். இரண்டு நாட்டிலும் பள்ளியிலேயே சாப்பாடு என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். வேறெந்தப் பயிற்சித்தாளாலும் இதைக் கொடுக்க முடியாது.

நாற்பது பிள்ளைகள், ஒரு பொம்மை என்பதுதான் முதல் நடைமுறைச் சிக்கல். ஓர் இரவு ஒரு வீடு என்றால் எட்டு வாரப் பள்ளி நாட்கள் ஆகும். இடையில் தேர்வும் விடுமுறையும் வந்தால் கடைசிப் பத்துப் பேருக்கு முறை வராது. ஏமாறுவது எப்போதும் அந்தப் பத்துப் பேர்தான். எனவே ஜோடிப் பள்ளியிடம் சொல்லி ஆரம்பத்திலேயே இரண்டு பொம்மைகள் கேட்பது, அல்லது தெருவாரியாக நான்கு நான்கு பேராகச் சேர்த்து ஒரு குழுவுக்கு மூன்று நாள் கொடுப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். பொம்மையைத் துணிப்பையில் போட்டு, கூடவே ஒரு நோட்டும் பெற்றோருக்கு ஒரு சீட்டும் வையுங்கள். சீட்டில் மூன்று வரி போதும்: எதுவும் வாங்க வேண்டாம், எங்கும் சிறப்பாக அழைத்துப் போக வேண்டாம், வழக்கமாக நடப்பதைப் பிள்ளை ஐந்து வரியில் எழுதட்டும். இந்தச் சீட்டு இல்லாவிட்டால் ஒரு வீட்டில் கேக் வெட்டுவார்கள், அடுத்த வீட்டில் மாலுக்குப் போவார்கள், மூன்றாவது வீட்டுப் பிள்ளை பொம்மையை வாங்கவே கூச்சப்படும். பரிமாற்றம் போட்டியாக மாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

வாரம் ஒரு பதிவு என்பது நல்ல வேகம். நாலைந்து பிள்ளைகளின் நோட்டிலிருந்து ஆசிரியர் தேர்ந்தெடுத்து, நூறு சொல்லுக்குள், இரண்டு படத்தோடு அனுப்பினால் போதும். தினமும் அனுப்பினால் எதிர்ப்பக்கம் படித்து முடிக்காது; மாதம் ஒன்று என்றால் ஆர்வம் ஆறிவிடும். ஒவ்வொரு பதிவும் ஒரு கேள்வியோடு முடியட்டும், அதுவும் "உங்கள் ஊரில் மழை வந்தால் பள்ளிக்கு எப்படிப் போவீர்கள்?" போலக் குறிப்பான கேள்வியாக. மொழியைப் பொறுத்தவரை, பிள்ளைகள் முதலில் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுவதே சரி. நேராக ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் தெரிந்த வாக்கியங்களுக்குள்ளேயே சுற்றுவார்கள், விவரம் செத்துப்போகும். தமிழ் மூலத்தையும் படமெடுத்து அனுப்புங்கள்; வேறு எழுத்தைப் பார்ப்பதே எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய ஈர்ப்பு.

இனி தபால். வெளியே அனுப்புவது அவ்வளவு கஷ்டமில்லை. ஒரு சாண் அளவுள்ள, பஞ்சு அடைத்த துணிப் பொம்மையாக இருந்தால் தபால் துறையின் வெளிநாட்டுப் பொட்டலச் சேவையில் தாராளமாக அடங்கும். சுங்க அறிவிப்புப் படிவத்தில் "பொம்மை" என்று மட்டும் எழுதாமல், எந்தப் பொருளால் ஆனது, எடை, மதிப்பு என்று தெளிவாக எழுத வேண்டும். பாட்டுப் பாடும், கண் மின்னும் பொம்மை வேண்டாம். உள்ளே பேட்டரி இருக்கும், தபாலில் அதுவே தடையாகிவிடும். வைக்கோல், தானியம், விதை, இறகு அடைத்ததும் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் உயிரியல் பாதுகாப்புச் சோதனையில் அப்படிப்பட்டவை நிறுத்தப்படும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை அனுப்ப ஆசை வரும். போய்ச் சேர்வதற்குள் உடைந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரையிலான பரிசுக்கு உள்ள விலக்கு தனிநபர் தனிநபருக்கு அனுப்புவதற்குத்தான், பள்ளி பள்ளிக்கு அனுப்புவதற்கல்ல. 2021 ஜூலை முதல் மலிவான பொருளுக்கும் அங்கே மதிப்புக்கூட்டு வரி உண்டு. ஜோடிப் பள்ளிக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நெருடல் உள்ளே வரும் பொட்டலத்தில்தான். தபாலில் வரும் பரிசுக்கு இந்தியாவில் இருந்த வரிச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. பொம்மை இறக்குமதி வரி 2020-இலும் 2023-இலும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரச்சான்றும் கட்டாயம். ஒற்றைப் பொம்மை என்றாலும் சுங்கத்தில் தேங்கலாம், வரி கேட்கலாம். பிள்ளைகள் தினமும் "வந்துடுச்சா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டிருக்க, வாரக்கணக்கில் பதில் சொல்ல முடியாத நிலை வரும். இதற்கு நல்ல மாற்று, காகித விருந்தாளி: தடித்த அட்டையில் பிள்ளைகளே வரைந்து வெட்டிய ஓர் உருவம், கடித உறையில். எடை குறைவு, சுங்கத்தில் தேங்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. தொலைந்தாலும் இன்னொன்று செய்துகொள்ளலாம், அல்லது ஸ்கேன் செய்த படத்தை அனுப்பி அங்கேயே அச்செடுத்து ஒட்டச் சொல்லலாம். கட்டிப்பிடித்துத் தூங்க முடியாது என்பது உண்மையான இழப்புதான். ஆனால் நாட்குறிப்பு கெடுவதில்லை. நாம் துணிப் பொம்மை அனுப்பி, அவர்கள் காகித உருவம் அனுப்பினாலும் தவறில்லை.

காலண்டரைப் பார்க்காமல் தொடங்கும் ஜோடிகள் பாதியில் அறுந்துபோகும். நமக்கு ஜூனில் வகுப்பு தொடக்கம், செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் பிறந்து மார்ச்சில் முடியும். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முழுக்க விடுமுறை. ஆஸ்திரேலியாவில் ஆண்டு டிசம்பரில் முடிந்துவிடும். ஆஸ்திரேலியப் பள்ளி என்றால் ஜூலையிலேயே பொம்மை கிளம்பி, நவம்பர் நடுவில் திரும்பப் புறப்பட வேண்டும். ஜப்பான் என்றால் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வசதி.

நேரடி அழைப்பை விட்டுவிட வேண்டியதில்லை. நாலைந்து நாட்குறிப்புகள் போய்வந்த பிறகு வைத்தால் பேசப் பொருள் இருக்கும். இருபது நிமிஷம், முன்கூட்டியே தேர்ந்த ஐந்து கேள்விகள், பேசும் பிள்ளை கணினிக்கு அருகில் வருவது, மற்ற நேரத்தில் மைக்கை மூடிவைப்பது. நமக்குக் காலை 10 மணி என்றால் ஜப்பானில் மதியம் 1.30. தைவானில் 12.30, அங்கே பல பள்ளிகளில் சாப்பாடும் குட்டித் தூக்கமும் அந்த நேரத்தில்தான். 9 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நம் 10 மணி 2.30-இலிருந்து 3.30 ஆகி, பள்ளியே விட்டிருக்கும். பழைய வழிகாட்டிகள் ஸ்கைப்பைச் சொல்லும். அது 2025 மே மாதத்தோடு மூடப்பட்டது.

படங்களில் பொம்மையும் கைகளும் இருக்கட்டும், முகங்கள் வேண்டாம். பெயருக்கு முதலெழுத்து போதும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தை ஜூனிலேயே வாங்கி வையுங்கள்.

திட்டத்தின் நிஜமான பலவீனம், ஜோடிப் பள்ளி மௌனமாகிவிடுவது. அங்கே ஆசிரியர் மாறியிருப்பார், அல்லது வேலைப்பளு. பதிவு செய்த கையோடு மூன்று தேதிகளை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்: பொம்மை அனுப்பும் நாள், முதல் நாட்குறிப்பு, திரும்பும் நாள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் நேரே ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி வேறு ஜோடி கேட்கலாம். நம் பக்கமும் அப்படித்தான். இடமாறுதல் எதிர்பார்க்கும் ஆசிரியர், உடன் பணிபுரியும் இன்னொருவரையும் சேர்த்தே பதிவு செய்யட்டும்.