அப்பாவழி டிஎன்ஏ சோதனை என்று 38,500 ரூபாய் போனது, டெல்லித் தமிழர்கள் தயவுசெய்து படியுங்கள்

இதை இன்றைக்கு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 38,500 ரூபாய். அப்பாவின் ஒரு மாதப் பென்ஷனைவிட அதிகம். பணத்தைத் தாண்டி வீட்டில் இன்னொன்றும் நடந்துவிட்டது, அதற்குத்தான் இவ்வளவு கோபம். முதலில் எப்படி மாட்டினோம் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குப் பூர்வீகம் வாலாஜாப்பேட்டைக்குப் பக்கம். அப்பா மத்திய அரசு வேலைக்காக எழுபதுகளில் டெல்லி வந்தவர், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வேலைக்காலத்தைக் கழித்துவிட்டு இப்போது மயூர் விஹாரில் சின்ன ஃப்ளாட்டில் இருக்கிறார், வயது 79. எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. அவருடைய தாத்தாவின் அண்ணன் 1900ஐ ஒட்டிச் சென்னையில் கப்பலேறி நேட்டாலுக்கு, அதாவது இன்றைய தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம், கரும்புத் தோட்டக் கூலியாகப் போனார். போனவர் போனவர்தான். ஒரே ஒரு கடிதம் வந்ததாம், அதையும் கரையான் அரித்துவிட்டது. 1860இல் முதல் கப்பல் போனதிலிருந்து 1911இல் நிறுத்தும்வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேலானவர்கள் இந்தியாவிலிருந்து அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போயிருக்கிறார்கள், அவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் நிறைய. அந்தப் பெரிய தாத்தாவின் பிள்ளைகளும் பேரன்களும் எங்கோ இருப்பார்கள் என்பது அப்பாவின் நம்பிக்கை. ஆனால் எதை வைத்துத் தேடுவது? நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். அங்கே போனவர்களின் வாரிசுகளுக்கு என்ன பெயர் நிலைத்ததோ அதுவும் தெரியாது.

போன அக்டோபரில் தெற்கு டெல்லியில் ஒரு வணிக வளாகத்துக்குப் போனபோது அந்தக் கடையைப் பார்த்தோம். வம்சாவளி கண்டுபிடித்துத் தருகிறோம் என்று போர்டு, உள்ளே வெள்ளை மேசை, சுவர் நிறைய உலக வரைபடம். கடையின் பெயரை எழுதவில்லை, புகார் கொடுக்கப்போகிறேன், அதில் இருக்கும்.

அப்பா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று படித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு இளைஞர் வந்து, "ஐயா, தமிழா? வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றார். அவ்வளவுதான். டெல்லியில் இத்தனை வருஷம் இருந்தவர்களுக்குத் தெரியும், ஒரு கடையில் எதிர்பாராமல் தமிழ் காதில் விழுந்தால் மனசு எப்படி இளகிவிடும் என்று. எந்த ஊர் என்று கேட்டார். வாலாஜா என்றதும், "எங்க அம்மாவுக்கு ராணிப்பேட்டைதாங்க" என்றார். அது உண்மையா என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பெரிய தாத்தா கதையை முழுசாகச் சொன்னார், அந்தப் பையன் இருபது நிமிஷம் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். எங்கள் வீட்டிலேயே அந்தக் கதையை அப்படி யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் நான் பணம் கட்டினேன் என்று நினைக்கிறேன்.

அவர் சொன்னதில் நிறைய உண்மையும் இருந்தது, அதுதான் ஆபத்து. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும், அதனால் அண்ணன் தம்பி இருவருடைய ஆண் வாரிசுகளும் எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் ஒரே ஒய்யைச் சுமப்பார்கள் என்றார். சரி. மதுரைப் பக்கம் ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் ஒருவரிடம் எம்130 என்ற பழமையான மரபணுக் குறியீட்டைக் காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் குழு கண்டுபிடித்ததைச் சொன்னார், ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த ஆதி மனிதர்களின் தடம் அது என்றார். அதுவும் சரி, பத்திரிகைகளில் வந்ததுதான். நான்கு உண்மைக்கு நடுவே ஐந்தாவதாக ஒரு பொய்யைச் செருகினால் நம்மால் பிரித்துப் பார்க்க முடியாது. அந்த ஐந்தாவது இதுதான்: "உலக டேட்டாபேஸ் எல்லாத்தோடயும் ஒப்பிடுவோம், எட்டு வாரத்துல டர்பன்ல யாரு உங்க பங்காளின்னு பேரோட வந்துடும்."

37 மார்க்கர், அதாவது ஒய்யில் 37 இடங்களைப் பார்க்கும் சோதனைக்கு 24,000 ரூபாய். நான் கொடுக்கிறேன் என்றேன், பெண்ணிடம் ஒய் கிடையாது, என் எச்சில் இதற்கு உதவாது என்றார்கள். அப்பாவோடு மகனும் கொடுத்தால் முடிவு உறுதிப்படும், குடும்பச் சலுகையில் இரண்டாவது 14,500 என்றார்கள். நொய்டாவிலிருந்து தம்பியை வரவழைத்தோம். மொத்தம் 38,500, யாரோ ஒரு தனிநபரின் கணக்குக்கு யூபிஐயில் போட்டேன். பில் கேட்டதற்குச் சிஸ்டம் டவுன், மெயிலில் வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பதற்கு முன் எதுவும் சாப்பிடக்கூடாது என்றதால், காலையிலிருந்து காபி குடிக்காமல் வந்து உட்கார்ந்திருந்தார் அப்பா. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எட்டு வாரம் போனது. டிசம்பரில் கேட்டால் ஹைதராபாத் லேபில் நெரிசல் என்றார்கள். ஜனவரியில் கேட்டால் அமெரிக்க லேபிலிருந்து வரவேண்டும் என்றார்கள். ஹைதராபாத் எப்போது அமெரிக்காவானது என்று கேட்டேன், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். அந்தத் தமிழ்ப் பையன் என் வாட்ஸாப்பைப் படிப்பார், பதில் போடமாட்டார். மார்ச் இரண்டாவது ஞாயிறு ஒருவழியாக இரண்டு அறிக்கை வந்தது, ஆளுக்கு 14 பக்கம், பளபளவென்று. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம், தம்பி போனில் திறந்து சத்தமாகப் படித்தான்.

அப்பாவுக்கு ஹாப்லோகுரூப் எல். தம்பிக்கு ஹெச்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இவை ஆண்வழி மரத்தின் பெரிய கிளைகள், இரண்டுமே தென்னிந்தியாவில் சாதாரணமாகக் காணப்படுபவைதான். ஆனால் பல்லாயிரம் வருஷத்துக்கு முன்பே பிரிந்துபோன கிளைகள். அப்பா எல் என்றால் மகனும் எல்தான். 37 மார்க்கரில் ஒன்றிரண்டு எண் மாறலாம், கிளை மாற வழியே இல்லை. அந்த அறிக்கையின் மூன்றாம் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது, தந்தையின் ஆண்வழிக் குழு மகனுக்கு மாறாமல் வரும் என்று. தம்பி அதையும் படித்துவிட்டான், படித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

அம்மா கையில் சாதக் கரண்டியோடு நின்றிருந்தார். "அப்போ இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அப்பாதான், "டப்பா மாத்திட்டானுங்க, வேற என்ன, நீ ரசத்தை ஊத்து" என்றார். அம்மா ஊற்றினார். அன்றைக்கும் அடுத்த நாளும் அவர் சாப்பிடவில்லை. 52 வருஷம் குடும்பம் நடத்திய பெண்மணியை, தன் வீட்டில், தன் பிள்ளை முன்னால், ஒரு பிடிஎஃப் இப்படி நிறுத்திவிட்டது. எவனோ கவனமில்லாமல் தயாரித்த ஒரு காகிதம்.

மறுநாள் போன் செய்தேன். இரண்டு மாதிரியும் கலந்துவிட்டதா, சரிபாருங்கள் என்றேன். எதிர்முனையில் ஒரு பெண், "மேடம், அது உங்க குடும்ப விஷயம், நாங்க அதுல கருத்துச் சொல்ல முடியாது" என்றார். இந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நேரில் போனேன். மறுபரிசோதனை வேண்டுமென்றால் ஒரு நபருக்கு 9,000 கட்டுங்கள் என்றார்கள். மார்க்கர் எண்கள் எங்கே என்று கேட்டேன், அது லேபின் சொத்து, தரமாட்டோம் என்றார்கள். டர்பன் பங்காளி எங்கே என்று கேட்டேன், தற்சமயம் பொருத்தம் இல்லை, வருஷச் சந்தா கட்டினால் தொடர்ந்து தேடுவோமாம். பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றதற்கு, மாதிரி எடுத்துவிட்டால் ரீஃபண்ட் கிடையாது என்று சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள். அந்தத் தமிழ்ப் பையன் உள்ளறையில்தான் இருந்தார், சட்டையைப் பார்த்தேன், வெளியே வரவில்லை.

இதற்கு நடுவில் அலுவலகத் தோழி ஒருத்தியின் தங்கை, மரபணு ஆராய்ச்சியில் இருப்பவள், இரண்டு அறிக்கையையும் அனுப்பச் சொன்னாள். அனுப்பி அரை மணியில் கூப்பிட்டாள். "அக்கா, மாதிரி கலக்கல, சோதனையே செஞ்ச மாதிரி தெரியல" என்றாள். உண்மையான 37 மார்க்கர் அறிக்கை என்றால் டிஒய்எஸ் 393, டிஒய்எஸ் 390 என்று வரிசையாக மார்க்கர் பெயரும் பக்கத்தில் எத்தனை முறை அந்த டிஎன்ஏ துணுக்கு திரும்ப வருகிறது என்ற எண்ணும் இருக்க வேண்டும், அந்த எண்கள்தான் சோதனையே. 14 பக்கத்தில் ஒரு எண் இல்லை. அப்புறம் ஒன்பதாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னாள். இரண்டு அறிக்கையிலும் ஒன்பதாம் பக்கம் ஒன்றேதான்: "2019 ஆய்வின் ராக்கிகடி சிந்துவெளி எலும்புக்கூட்டுடன் ஆண்வழிப் பொருத்தம் 94%."

ராக்கிகடி இங்கே ஹரியானாவில்தான், ஹிசார் மாவட்டம். 2019இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஒரே ஒரு எலும்புக்கூட்டிலிருந்துதான் டிஎன்ஏ கிடைத்தது. அது ஒரு பெண்ணுடையது. பெண்ணுக்கு ஒய் குரோமோசோம் ஏது? என் எச்சில் உதவாது என்று சொல்லி 14,500 ரூபாய்க்குத் தம்பியை வரவழைத்த அதே கடை, நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் எலும்போடு அப்பாவுக்கும் தம்பிக்கும் ஆண்வழிப் பொருத்தம் 94% என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. அதிலும் எல்லுக்கும் 94, ஹெச்சுக்கும் 94. பத்தாம் பக்கத்தில் சோழர் படைமரபு 61% என்று ஒன்று. எந்தச் சோழனின் எலும்பை எடுத்து ஒப்பிட்டார்கள்? நமக்கு எது இனிக்கும் என்று தெரிந்து எழுதிய பக்கங்கள் இவை. தஞ்சாவூர்க்காரர் போயிருந்தாலும் இதே சோழர், இதே 61தான் வந்திருக்கும்.

அன்றிரவே அம்மாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். தம்பி வேறொரு நல்ல இடத்தில் திரும்பச் சோதித்துவிடலாம் என்றான். அம்மா, "யாருக்குக் காட்டறதுக்கு?" என்று மட்டும் கேட்டார். அதோடு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டோம். அப்பா இப்போது பெரிய தாத்தா கதையை எடுப்பதில்லை.

என்ன செய்யக்கூடாது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, தோன்றுவதை மட்டும் எழுதிவிடுகிறேன். பணம் கட்டும் முன் மாதிரி அறிக்கை ஒன்றைக் கேளுங்கள், அதில் மார்க்கர் எண்கள் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். லேபின் பெயரையும் ஊரையும் எழுத்தில் வாங்குங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் போடாதீர்கள், பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். ஆண்வழிச் சோதனையை ஒழுங்காகச் செய்தாலும், எதிர்ப்பக்கத்து வாரிசு அதே டேட்டாபேஸில் சோதித்திருந்தால் மட்டுமே பொருத்தம் வரும், பேரோடு பங்காளி வருவார் என்று உறுதி கொடுப்பவரை நம்பாதீர்கள். சாதி, அரச வம்சம் எதையும் ஹாப்லோகுரூப் சொல்லாது. பத்துத் தலைமுறை மேலே போனால் நமக்கு ஆயிரத்துச் சொச்சம் முன்னோர்கள், இந்தச் சோதனை அதில் ஒரே ஒருவரின் கோட்டைத்தான் தொடும். நேட்டால் போனவர்களைத் தேடுபவர்கள் முதலில் கப்பல் பட்டியலைப் பாருங்கள், பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், கிராமம் எல்லாம் பதிந்திருக்கிறார்கள். நாங்கள் அதைச் செய்யாமல் 38,500 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அப்பா, தம்பி இருவருடைய பஞ்சுக் குச்சிகளும் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், அதற்கும் பதில் இல்லை.

இதே மாதிரி 14 பக்க அறிக்கை உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் ஒன்பதாம் பக்கத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பெயரை மறைத்துவிடுங்கள். அந்த 94 தெரிந்தால் போதும், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.