ஒயில் பேப்பர் என்று சொல்லி மெழுகுப் பேப்பரைத் தலையில் கட்டிவிட்டார்கள்

மலைநாட்டில் ஹட்டன் பக்கம் வீட்டில் கேக் அடித்து ஓடர் கொடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. எனக்கு விற்ற அந்தப் பேப்பர் ரோல் அந்த ஒரு கடையில்தான் இருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் ஒரு சடங்கு வீட்டுக்கு மூன்று கிலோ பட்டர் கேக் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலையில் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை டவுனுக்குப் போனால், கேக் ட்ரேயில் விரிக்க நான் வழக்கமாக வாங்கும் பேப்பர் முடிந்துவிட்டது. கடைக்காரர் வேறொரு ரோலை எடுத்து வைத்தார். விலை பாதிதான்.

"அண்ணே, இது ஓவன்ல வைக்கிறதுதானே?"

"அதே சாமான்தான் தங்கச்சி. எல்லாரும் இப்ப இதத்தான் கொண்டு போறாங்க."

தடவிப் பார்த்தேன், வழுவழுவென்றுதான் இருந்தது. மேலே ஒரு பொலித்தீன் உறை, உள்ளே 'பேக்கிங் பேப்பர்' என்று அச்சடித்த ஒரு துண்டு. எத்தனை டிகிரி தாங்கும் என்று ஒரு வரி இல்லை. இறக்குமதி செய்தவரின் விலாசமும் இல்லை. அதையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். பில்லும் கேட்டு வாங்கவில்லை. அது என் மடத்தனம்.

வெள்ளிக்கிழமை இரவு ட்ரேயில் பேப்பரை விரித்து, கலவையை ஊற்றி, 170 டிகிரியில் வைத்தேன். பத்து நிமிடத்தில் ஒரு வாடை. மெழுகுதிரியை ஊதி அணைத்தால் வருமே, அதே வாடை. எட்டிப் பார்த்தால் ட்ரேக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பேப்பர் ஓரங்கள் புகைந்துகொண்டிருந்தன. கலவைக்கு அடியில் இருந்த பகுதி புகையவில்லை, ஏனென்றால் ஈரமான கலவை அந்த அளவுக்குச் சூடாகாது. ஆனால் மெழுகு உருக அவ்வளவு சூடு எதற்கு? அறுபது டிகிரியைச் சுற்றியே உருகிவிடும். உருகியதெல்லாம் கேக்கின் அடியில் ஊறி, மிஞ்சிய வெறும் தாள் கேக்கோடு ஒட்டிக்கொண்டது. உரித்தால் தாள் பாதி வந்தது, கேக்கின் அடி பாதி வந்தது. இரவு பதினொரு மணி. அழுகைதான் வந்தது.

மெழுகுப் பேப்பர் கெட்ட சாமான் என்று சொல்லவில்லை. டொபி சுற்றவும் பட்டரைப் பொதியவும் நல்லது. ஓவனுக்கான பேப்பர் வேறு. அதில் மெழுகுக்குப் பதில் சிலிக்கோன் பூச்சு இருக்கும். பெரும்பாலானவை 220 டிகிரி வரை தாங்கும், அதை உறையிலேயே போட்டிருப்பார்கள். நாம் இங்கே இரண்டையும், எண்ணெய் இறங்காத சாதாரணத் தாளையும் சேர்த்து 'ஒயில் பேப்பர்' என்றே கேட்கிறோம். கடைக்காரருக்கு அது வசதியாகப் போய்விடுகிறது.

கையால் தடவி வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் விட்டாலும் இரண்டிலும் துளி முத்தாகத்தான் நிற்கும். நகத்தால் அழுத்திக் கீறுங்கள். மெழுகு என்றால் நகத்தில் கொஞ்சம் சுருண்டு வரும். அதைவிட நல்லது, ஒரு துண்டை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து அயன் பெட்டியால் தேய்ப்பது. மெழுகு இருந்தால் வெள்ளைத் தாளில் எண்ணெய் பட்டது போலத் திட்டு விழும். சிலிக்கோன் பேப்பரில் ஒன்றும் வராது.

சரி, அந்த இரவு என்ன செய்தேன்? 2022இல் சமையல் காஸுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பேப்பர் வாங்க வழியில்லாமல் ட்ரேயில் மாஜரினும் மாவும் பூசியே கேக் அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தி வியாழக்கிழமை எங்கே போயிருந்ததோ. மாஜரின், எண்ணெய், கோதுமை மா மூன்றையும் சம அளவு எடுத்துக் குழைத்து, பிரஷ்ஷால் ட்ரேயின் மூலையெல்லாம் படப் பூசினேன். மறுபடி முட்டை உடைத்து, மறுபடி அடித்து, விடியற்காலை மூன்று மணிக்கு மூன்று கேக்கும் அப்படியே கழன்று விழுந்தன. நம் பக்கக் குளிரில் ஒரு விஷயம். ட்ரேயை ஆறவிட்டு மறந்தால் மாஜரின் மறுபடி இறுகி, கேக்கைப் பிடித்துக்கொள்ளும். ஓவனிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் கவிழ்த்துவிடுங்கள். பிந்திவிட்டால் ட்ரேயின் அடியை அடுப்பில் சில வினாடி காட்டினால் போதும்.

மற்ற வழிகளும் இருக்கின்றன. அலுமினியத் தாள் போடலாம், ஆனால் மாஜரின் பூசாமல் போட்டால் அதுவும் ஒட்டும், மடிப்பெல்லாம் கேக்கில் பதியும். பளபளக்கும் பக்கமா மங்கல் பக்கமா என்று குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். வாழையிலையை நெருப்பில் வாட்டிப் போட்டால் இலை வாசம் ஏறும். எனக்கு ரவைக் கேக்குக்கு அது பிடிக்கும், ஓடருக்குக் கொடுக்க மாட்டேன். அம்மா ரிச் கேக்குக்கு நியூஸ் பேப்பரை அடுக்கடுக்காகப் போடுவார். ட்ரேக்கு வெளியே சுற்றினால் ஓரம் கருகாது, நல்ல யோசனைதான். உள்ளே போட வேண்டாம், அச்சு மை சாப்பாட்டில் படக்கூடாது. ஃபோட்டோகொப்பித் தாளும் சாப்பாட்டுக்காகச் செய்ததில்லை. லவ் கேக் மாதிரி ஒட்டுகிற சாமானுக்கு மட்டும் பூச்சை நம்பாமல் உண்மையான சிலிக்கோன் பேப்பருக்கே காசு கொடுங்கள்.

திங்கட்கிழமை ரோலைக் கொண்டுபோய் வைத்தேன். "வெட்டின ரோல எப்படித் திருப்பி எடுக்கிறது தங்கச்சி?" என்றார். அயன் செய்த தாளைக் காட்டினேன். "அது உங்க ஓவன் சூடு கூட" என்றார். அயன் பெட்டிக்கும் ஓவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதும் அடுத்த ஆளுக்குச் சீனி நிறுக்கப் போய்விட்டார்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்குபவரை ஏமாற்றும் விதமாகச் சொல்லி விற்கக் கூடாது. அந்தச் சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம். நானும் எடுத்தேன். ஆனால் கையில் பில் இல்லாமல் பேசத் தொடங்கும்போதே குரல் இறங்கிவிடுகிறது. நீங்கள் பில்லை வாங்கிக்கொள்ளுங்கள், உறையையும் கிழித்து எறியாதீர்கள்.

நேற்று அந்தப் பக்கம் போனேன். ரோல் அதே இடத்தில்தான் இருந்தது. விலையில் ஐம்பது ரூபாவைக் குறைத்திருந்தார்.