கல்ச்சருக்குப் பணம் வாங்கினார்கள், சதையை ஃபார்மலினில் போட்டார்கள்

என் மகனுக்கு 8 வயது. சொத்தைக் கடைவாய்ப் பல்லை எடுத்து மூன்று வாரத்தில் தாடை வீங்கியது. பொன்னுக்கு வீங்கி என்று அத்தை வேப்பிலை அரைத்துப் போட்டார். பல் எடுத்த மருத்துவமனையில் 5 நாளுக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, பத்து நாளில் திரும்ப வந்தது. மறுபடி 5 நாள். இப்படியே நான்கு முறை. ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கெட்டியாக வந்தது, கடைசியில் தொட்டால் மரக்கட்டை. வாய் திறக்காமல் இட்லியைக் கரைத்துத்தான் ஊட்டினேன். பெரிய காய்ச்சலும் இல்லை, அதனால் நாங்களும் அசட்டையாக இருந்துவிட்டோம்.

நான் சத்தம் போட்ட பிறகுதான் முழுத் தாடையும் தெரிகிற ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு அரித்திருந்தது. "கட்டியாகவும் இருக்கலாம்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்தார்கள். அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் தூங்கவில்லை. பில்லில் பயாப்சிக்குத் தனி, அந்தச் சதையில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்குத் தனி. ரிசல்ட்டில் புற்றுநோய் இல்லை, கிருமியும் வளரவில்லை. சரி, மறுபடி அதே மாத்திரை!

வேறு ஊர் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சதையை எதில் போட்டு அனுப்பினார்கள்?" மூக்கை எரிக்கும் ஒரே பாட்டில் என்றேன். "அது ஃபார்மலின் அம்மா, சதை அழுகாமல் வைக்கிற திரவம். அதில் கிருமி செத்துப்போகும், அப்புறம் எதை வளர்ப்பது?"

ஆன்டிபயாடிக்கை நிறுத்தி, சில நாள் விட்டு, மறுபடி சதை எடுத்தார்கள். பயாப்சிக்கு ஒரு துண்டு ஃபார்மலினில், கல்ச்சருக்கு இன்னொன்று காற்றுப் படாமல் நேராக லேபுக்கு. மெதுவாக வளரும் கிருமியாக இருக்கலாம், இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள் என்று எழுதியும் கொடுத்தார். வந்தது ஆக்டினோமைசிஸ். எல்லோர் வாயிலும் இருக்கிற பாக்டீரியாதான், பல் புண் வழியாக எலும்புக்குள் இறங்கினால் வம்பு. குழந்தைகளுக்கு அபூர்வமாம். வயிறு எரிந்தது எதற்கென்றால், இதற்கு மருந்தே அமாக்சிசிலின் சேர்ந்த பென்சிலின் வகைதான். 5 நாள் கொடுத்தால் பதுங்கும், மாதக்கணக்கில் கொடுத்தால்தான் போகும். 4 வாரம் ஊசி, அப்புறம் 6 மாதம் அமாக்சிசிலின்.

வீக்கம் திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த கோர்ஸுக்கு முன்னால் எக்ஸ்ரே கேளுங்கள். பயாப்சி என்றால், கல்ச்சருக்குத் தனித் துண்டு போகிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கல்ச்சர் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "டெஸ்ட் செய்தோமே, ரிப்போர்ட்டும் கொடுத்தோமே" என்கிறார்கள்.