புழுதி விதைப்பு நெல்லுக்கு வெறும் தண்ணீரா, பொட்டாஷ் கரைசலா?

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மழையை நம்பிப் புழுதியில் நெல் விதைப்பவர்களுக்கு, விதையை ஊறவைத்துத் தயார்செய்ய இரண்டு வழி உண்டு.

முதல் வழி, பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பது. செலவே இல்லை. விதைத்த ஓரிரு நாளில் மழை உறுதி என்றால் இதுவே போதும். ஈர விதையைக் காய்ந்த புழுதியில் போட்டு மழை தள்ளிப்போனால், கிளம்பிய முளை மண்ணிலேயே கருகிவிடும்.

இரண்டாவது, விதையைக் கடினப்படுத்துவது. 10 கிலோ விதைக்கு 10 லிட்டர் தண்ணீர், அதில் 100 கிராம் பொட்டாசியம் குளோரைடு என்ற பொட்டாஷ் உப்பு: அதாவது 1 சதவீதக் கரைசல். 16 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் பரப்பி, பழைய ஈரப்பதத்துக்கே உலர்த்த வேண்டும். எடை போட்டுப் பாருங்கள். 10 கிலோ மறுபடி 10 கிலோவுக்கு வந்தால்தான் உலர்ந்தது. விதைக்குள் முளைப்பு வேலை தொடங்கிப் பாதியில் நிற்கிறது. மழை பட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பயிர் சீராகவும் சீக்கிரமும் எழும்பும்.

கெடுவது பெரும்பாலும் உலர்த்தும்போதுதான். சிமெண்டுக் களத்து வெயிலில் போட்டால் கரு செத்துவிடும். நேரம் மீறி ஊறி முளை வெளியே வந்துவிட்டால், பிறகு உலர்த்துவது விதையைக் கொல்வதே. பொட்டாஷ் கூடினால் பலன் கூடும் என்று உப்பை அள்ளிப் போடாதீர்கள், முளைப்புதான் குறையும்.

மழை நாள் நிச்சயமில்லாத மானாவாரி நிலத்துக்கு நாங்கள் இரண்டாவதையே சொல்வோம். ஆனால் நிழலும் காற்றோட்டமும் உள்ள இடம் இல்லையென்றால் ஊறவைக்காமல் உலர் விதையாகவே விதைத்துவிடுங்கள்.