எண் மட்டும் போதுமா, அலைப்படமும் வேண்டுமா?

சிங்கப்பூர் துவாஸ் பக்கம் கான்கிரீட் தரையில் எபாக்சி பூச்சை அளக்கும் தம்பிகள் கேட்பது இதுதான்: ஒலி அனுப்பி, எதிரொலியை வைத்துத் தடிமன் சொல்லும் அல்ட்ராசோனிக் மீட்டரில், எண் மட்டும் காட்டுவதா, அலையையும் வரைந்து காட்டுவதா?

விலை: எண் மீட்டர் மலிவு. அலைப்படம் உள்ளதற்குக் கூடுதல் காசு.

வேகம்: எண் என்றால் பார்த்தோம், எழுதினோம். படத்துக்குக் கண் பழக வேண்டும்.

நம்பகம்: விஷயமே இங்கேதான். மீட்டர் பிடிப்பது வலுவான எதிரொலியை. சொரசொரப்பான பரப்பில், ஒலி உள்ளே போகத் தடவிய ஜெல்லின் தடிமனையே பூச்சு என்று சொல்லிவிடும். எனக்கு ஒருமுறை 400 மைக்ரான் இருக்க வேண்டிய இடத்தில் 60 வந்தது. படத்தில் பார்த்தால் முதல் மேடு ஜெல்லுடையது, பூச்சின் மேடு பின்னால் நிற்கிறது! மீட்டர் எதிரொலி தேடும் கீழ் எல்லையை 60க்கு மேலே நகர்த்தியதும் சரியாயிற்று.

வழவழப்பான பரப்பு, ஒரே பூச்சு என்றால் எண் போதும். பிரைமர், மேல்பூச்சு என்று அடுக்கடுக்காக இருந்தால் அலைப்படம்தான். அடியில் இரும்பா? இரண்டும் வேண்டாம், காந்த மீட்டரே வேலையை முடித்துவிடும்.